துக்கத்துக்கு அட்வான்ஸ் கட்டாதே

2018 அக்டோபர் 26 இரவு தொடங்கிய பேஸ்பால் ஆட்டம். மாக்ஸ் மன்ஸி அடித்த பந்து வேலியைத் தாண்டி விழுந்தபோது லாஸ் ஏஞ்சலஸில் நள்ளிரவு பன்னிரண்டரை, பாஸ்டனில் விடியற்காலை மூன்றரை. 18 இன்னிங்ஸ், 7 மணி 20 நிமிடம். கோப்பை யாருக்கு என்று முடிவு செய்கிற வேர்ல்ட் சீரிஸில் அதுவரை அவ்வளவு நேரம் ஓடிய ஆட்டமே கிடையாது. அத்தனை நேரம் கண்விழித்துக் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 3–2 என்று தோற்றது.

பாஸ்டன்காரர் ஒருவர் டிவியை அணைக்கிறார். "அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார். அந்த ஊரில் அன்றைக்கு அப்படி எத்தனை டிவி அணைந்திருக்கும்!

கொஞ்சம் பொறு. அவர் எந்த அணிக்காக ஒப்பாரி வைக்கிறார்? அந்த சீசனின் 162 ஆட்டங்களில் 108 ஜெயித்த அணிக்காக. 1901ல் பிறந்த அந்த அணி ஒரே சீசனில் அத்தனை வெற்றி கண்டதே இல்லை. பரம எதிரி யாங்கீஸை வீட்டுக்கு அனுப்பி, முந்தின வருஷச் சாம்பியன் ஹூஸ்டனையும் அனுப்பிவிட்டு வந்து நின்ற அணி. எல்லாவற்றையும் விட முக்கியமாக, அன்றிரவு தோற்ற பிறகும் தொடரில் 2–1 என்று முன்னால் இருந்த அணி.

முன்னால் நிற்கிறவன் வைக்கிற ஒப்பாரி இது. தம்பி, பாஸ்டன்காரரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துச் சாய்ந்து உட்காராதே. உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான்.

தோற்றுக்கொண்டிருப்பவன் பயந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜெயித்துக்கொண்டே பயப்படுகிறாயே, அதற்கு என்ன பெயர்? வேலை கிடைத்த அன்றே "எத்தனை நாளைக்கோ" என்கிறாய். கடை லாபத்தில் ஓடுகிறது, கல்லாப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் "கண்ணு பட்டுடுமோ" என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நல்ல மார்க் வந்திருக்கிறது, "அடுத்த தடவை கவுந்துடும்" என்று நீயே ஊருக்குச் சொல்லித் திரிகிறாய். கேட்டால் முன்ஜாக்கிரதை என்பாய், எதார்த்தம் என்பாய், பட்ட அனுபவம் என்பாய்.

நான் வைக்கிற பெயர் வேறு. துக்கத்துக்கு அட்வான்ஸ். நாளைக்கு வரப்போகும் வலிக்கு இன்றைக்கே கொஞ்சம் கட்டி வைத்தால் நாளைய பில் குறையும் என்று நீ போடுகிற கணக்கு. எந்த நாளாவது குறைந்திருக்கிறதா? தோற்றால் வலி முழுசாகத்தான் வருகிறது, ஒரு பைசா கழிவு கிடையாது. ஜெயித்துவிட்டாலோ, அதுவரை நீ அழுது கட்டிய தொகைக்கு ரசீதுகூடக் கிடையாது.

பாஸ்டன்காரர்களுக்குப் பயப்படக் காரணம் இருந்ததை மறைக்க மாட்டேன். 1918ல் கோப்பை வாங்கினார்கள். அதற்குப் பிறகு 1946, 1967, 1975, 1986 என்று நான்கு முறை வேர்ல்ட் சீரிஸுக்குப் போனார்கள். நான்கையும் ஏழாவது ஆட்டத்தில், அதாவது கடைசி ஆட்டத்தில், பறிகொடுத்தார்கள். 1978 ஜூலையில் யாங்கீஸைவிட 14 ஆட்டங்கள் முன்னால் இருந்தார்கள். அந்த மலை கரைந்து, சீசன் முடிவில் இரண்டு அணியும் சமமாகி, முடிவுக்காக வைத்த ஒற்றை ஆட்டத்தில் பக்கி டென்ட் என்ற, ஹோம் ரன்னுக்குப் பேர்போகாத ஆள், ஹோம் ரன் அடித்துக் கதையை முடித்தார். 2003ல், வேர்ல்ட் சீரிஸுக்கு முந்தின தொடரிலும் அதே யாங்கீஸ், அதே ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் 5–2 என்று முன்னிலை. களைத்துப்போன பெட்ரோ மார்ட்டினெஸை மானேஜர் மாற்றாமல் விட்டார். முன்னிலை போயிற்று. பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூனின் ஹோம் ரன்னோடு சீசனும் போயிற்று.

தாத்தா அப்பாவிடம் சொல்லி, அப்பா மகனிடம் சொல்லி, அவநம்பிக்கை அந்த ஊரில் பூர்வீகச் சொத்து மாதிரி கைமாறியது. குழந்தைக்குத் தொப்பி வாங்கிக் கொடுக்கும்போதே "இவங்க கடைசியில கைவிட்டுருவாங்கடா" என்ற பாடத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நான் அந்தப் பட்டியலை வேறு மாதிரி படிக்கிறேன். நான்கு முறை கடைசிக் கதவு வரை போய்த் தட்டியவன் பலவீனனா? வாசலுக்கே வராதவனுக்கு அந்தக் காயம் எப்படி வரும்?

அடுத்துச் சொல்லப்போவதை நன்றாகக் கேள். அந்த ஊர் தன் தோல்விகளுக்கெல்லாம் ஒரே காரணம் கண்டுபிடித்தது: சாபம். பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரை ரெட் சாக்ஸ் முதலாளி ஹாரி ஃப்ரேஸி 1919 டிசம்பரில் 1 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றுவிட்டார். அதுவரை ஒரு கோப்பைகூட வாங்காத யாங்கீஸ் அதற்குப் பிறகு வாங்கிக் குவித்தது. ஆகவே பேபின் சாபம். சரி, இந்தச் சாபத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச ஆரம்பித்தது எப்போது? 1986 தோல்விக்குப் பிறகு. டான் ஷானஸி என்ற பத்திரிகையாளர் 1990ல் இதையே தலைப்பாக வைத்துப் புத்தகம் எழுதிய பிறகுதான் அது வீட்டுக்கு வீடு போயிற்று. தோல்வி முதலில் வந்தது, சாபம் சாவகாசமாகப் பின்னால் வந்தது. வந்து உட்கார்ந்துகொண்டு "எல்லாத்துக்கும் நான்தான் காரணம்" என்றது. ஊரும் ஒப்புக்கொண்டது.

ஸ்டாரோ டிரைவ் சாலையில், மேம்பாலத்தில், வளைவு வருகிறது என்று எச்சரிக்கும் ‘ரிவர்ஸ் கர்வ்’ போர்டு ஒன்று இருந்தது. யாரோ பெயின்ட் டப்பாவோடு ஏறி அதை ‘ரிவர்ஸ் தி கர்ஸ்’ என்று, சாபத்தைத் திருப்பு என்று, மாற்றிவிட்டார்கள். வேலைக்குப் போகிற ஊரே தினமும் அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டு போனது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சாபம் என்ற சொல் எதை மூடிவைத்தது என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் பாஸ்டனின் ஃபென்வே பார்க்குக்கு வந்து ஆடிக் காட்டினார். ரெட் சாக்ஸ் அவரைக் கூப்பிடவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடி அமெரிக்க விளையாட்டின் சரித்திரத்தையே மாற்றினார். ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரான பம்ப்ஸி கிரீனைக் களமிறக்கியது 1959ல். இருந்த 16 அணிகளில் கடைசி அணி அதுதான். வாசலுக்கு வந்த திறமையைத் தோலின் நிறம் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டு, தோற்றதும் செத்துப்போன பேப் ரூத்தின் ஆவி மீது பழியைப் போட்டால் எப்படி?

அவநம்பிக்கையில் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அது தன்னடக்கம் மாதிரி வேஷம் போடும், உள்ளே இருப்பது சோம்பல். விதி, ராசி, ஜாதகம், கண்ணேறு என்று சொல்லிவிட்டால் தப்பு எங்கே என்று தேடவேண்டியதில்லை. தேடாவிட்டால் திருத்தவும் வேண்டியதில்லை. "நம்ம ராசி அப்படி" என்று நீ சொல்கிற ஒவ்வொரு தடவையும், உன் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஒட்டி மூடுகிறாய்.

1986 ஆறாவது ஆட்டத்தை எல்லோரும் பாஸ்டன் பக்கமிருந்தே சொல்வார்கள். நான் எதிர்ப்பக்கம் போகிறேன். நியூயார்க் மெட்ஸ். வேடிக்கை என்னவென்றால் அந்த வருஷம் அவர்களும் சரியாக 108 ஆட்டம் ஜெயித்தவர்கள். பத்தாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 5–3 முன்னிலை, மெட்ஸுக்கு இரண்டு அவுட், பேஸில் ஒருவரும் இல்லை. இன்னும் ஒரே அவுட் விழுந்தால் கோப்பை பாஸ்டனுக்கு. ஷே ஸ்டேடியத்தின் ஸ்கோர்போர்டு அவசரப்பட்டுப் பாஸ்டனுக்கு வாழ்த்துகூடச் சொல்லிவிட்டது.

இரண்டாவது அவுட்டாகித் திரும்பிய கீத் ஹெர்னாண்டஸ் நேராக மானேஜரின் அறைக்குப் போனார். ஒரு பீரைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அணியின் பெரிய ஆள், அனுபவசாலி. அவருக்குத் தெரிந்துவிட்டது, முடிந்துபோயிற்று என்று. அதே நேரம் வெளியே மட்டையோடு நடந்து போனார் காரி கார்ட்டர். வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட் நானாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் மனசில். அடித்தார், முதல் பேஸுக்கு ஓடினார். பின்னால் வந்த கெவின் மிட்செல் அடித்தார், ரே நைட் அடித்தார். பாஸ்டன் பிட்சர் தாறுமாறாக எறிந்த ஒரு பந்தில் ஸ்கோர் 5–5. அதற்கும் பிறகுதான் மூக்கி வில்சன் தட்டிவிட்ட உருளும் பந்து பாஸ்டன் ஆட்டக்காரர் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே போனது, மெட்ஸ் 6–5 என்று ஜெயித்தது.

ஹெர்னாண்டஸ்? நாற்காலியை விட்டு எழவே இல்லை. இந்த நாற்காலியில் ராசி இருக்கிறது, எழுந்தால் போய்விடும் என்று உட்கார்ந்தே இருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். பார்த்தாயா? அவநம்பிக்கையும் மூடநம்பிக்கையும் ஒரே தட்டில் சாப்பிடுகிற பங்காளிகள். பந்து நகர்வது மட்டையால், தன் நாற்காலியால் இல்லை என்பதை இரண்டுமே மறந்துவிடும். "நான் பார்த்தா அவுட் ஆயிடுவான்" என்று டிவி முன்னாலிருந்து எழுந்து போகிறவர்களை எனக்கும் தெரியும். நானே போயிருக்கிறேன். ரசிகனை மன்னிக்கலாம், அவன் கையில் மட்டை கிடையாது. உன் படிப்புக்கும் உன் கடைக்கும் உன் வேலைக்கும் உனக்குக் கேலரி டிக்கெட் யார் கொடுத்தது? அங்கே நீ கார்ட்டர். உனக்கு நாற்காலியே போடவில்லை.

பாவம் பக்னர். அந்தப் பந்து அவரைத் தாண்டும்போதே ஸ்கோர் சமமாகியிருந்தது. ஏழாவது ஆட்டம் மிச்சமிருந்தது, அதில் பாஸ்டன் 3–0 என்று முன்னிலைகூடப் பெற்றது. இதெல்லாம் ஊருக்கு நினைவில்லை. கோப்பையைத் தொலைத்தவர் என்ற ஒரே வரியில் அவரை அடைத்துவிட்டார்கள். 2,715 ஹிட் அடித்த மனிதர்! 2008 ஏப்ரலில் ஃபென்வேக்கு அவரை அழைத்து முதல் பந்து எறியச் சொன்னபோது, ஸ்டேடியமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 22 வருஷம் ஆயிற்று அதற்கு.

ஜெயித்துக்கொண்டிருக்கும்போது வருகிற பயத்தை எப்படிக் கையாள்வது என்று பாஸ்டனுக்கே ஒருவர் காட்டிவிட்டுப் போனார். டெட் வில்லியம்ஸ். 1941ல் அவருக்கு வயது 23. சீசனின் கடைசி நாள், ஃபிலடெல்ஃபியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அன்று காலை அவருடைய பேட்டிங் சராசரி .39955. அந்த நாள் ஆடாமல் உட்கார்ந்தால் அதையே முழுதாக்கி .400 என்று எழுதிவிடுவார்கள், பெரும்பெருமை. மானேஜர் ஜோ குரோனினே வேண்டுமானால் உட்கார்ந்துகொள் என்றார். ஆடினால் என்ன ஆகும்? நாலு தடவை தவறினால் அத்தனையும் போச்சு. முந்தின ராத்திரி அவர் அந்த ஊர்த் தெருக்களில் மைல்கணக்கில் நடந்தார். பயம் இல்லாதவனுக்கு ராத்திரி நடை எதற்கு? காலையில் மட்டையை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார். இரண்டு ஆட்டத்திலும் ஆடினார். எட்டு முறை மட்டை பிடித்து ஆறு ஹிட். சராசரி .406. அதற்குப் பிறகு இந்த நிமிஷம் வரை அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ ஒருவரும் ஒரு முழு சீசனில் .400ஐத் தொடவில்லை.

இன்னொன்றையும் பார். அந்த மகத்தான வருஷத்தில் அவர் கணக்கில் 456 முறை மட்டை பிடித்ததில் 185 ஹிட். மீதி 271 முறை அவருக்கு ஹிட் இல்லை. பேஸ்பாலின் மிகப் பெரிய சாதனைக்குள் 271 தோல்விகள் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு நேர்காணலில் தோற்றதும் படுக்கையில் விழுகிறாயே, வெட்கமாக இல்லை?

நம்பிக்கை பேசுகிறவர்கள் எல்லோரையும் தூக்கிப்பிடிக்க நான் வரவில்லை. "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விடுகிறவன், "ஒண்ணும் நடக்காது" என்று குறட்டை விடுகிறவனுக்குச் சகோதரன். ஷே ஸ்டேடியத்தின் ஸ்கோர்போர்டும் நம்பிக்கையோடுதான் இருந்தது! நான் கேட்பது வேலை செய்கிற நம்பிக்கை. அதை 2004 அக்டோபர் 17 இரவில் 90 அடி தூரத்துக்குள் பார்க்கலாம்.

யாங்கீஸோடு ஏழு ஆட்டத் தொடர். முதல் மூன்றும் பாஸ்டனுக்குத் தோல்வி. மூன்றாவது ஆட்டம் 19–8 என்ற மானக்கேடு. அப்படி 0–3 என்று பின்தங்கிய பிறகு தொடரை ஜெயித்த அணி பேஸ்பாலில் அதுவரை ஒன்றுகூட இல்லை. நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4–3 என்று யாங்கீஸ் முன்னால். எறிவது மரியானோ ரிவேரா. கடைசி இன்னிங்ஸில் பூட்டுப் போடுவதில் அவரை மிஞ்சிய ஆள் பிறக்கவில்லை என்பார்கள்.

அன்று ஆட்டத்துக்கு முன்னால் கெவின் மில்லர் மட்டும், இன்று எங்களை ஜெயிக்க விட்டுவிடாதீர்கள், விட்டால் அப்புறம் பாருங்கள் என்று எதிர்ப்பட்ட பத்திரிகைக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அந்த மில்லர்தான் ஒன்பதாவது இன்னிங்ஸில் முதலாவதாகப் போய், ரிவேராவின் பந்துகளை ஆடாமல் விட்டு, நடையாக முதல் பேஸ் வாங்கினார். அவருக்குப் பதில் ஓட டேவ் ராபர்ட்ஸ் வந்தார். ஜூலை கடைசி நாளில் வேறு அணியிலிருந்து வாங்கி வந்த ஆள். பல நாட்களாகப் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தவர்.

உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை. ரிவேரா காலை எப்படித் தூக்குகிறார், முதல் பேஸுக்கு எறிய எப்படித் திரும்புகிறார் என்று வீடியோ போட்டுப் பார்த்து வைத்திருந்தார். என்றைக்காவது கூப்பிடுவார்கள் என்று உள்ளே ஓடி உடம்பைச் சூடாக வைத்திருந்தார். தொடரில் 0–3 என்று பின்தங்கிய அணியின் பெஞ்சில் இருந்துகொண்டு இதைச் செய்தார் என்பதை மறக்காதே.

இப்போது அவர் திருட வேண்டும். முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸ் 90 அடி. பிட்சர் பந்தை விட்டதும் ஓடி, காட்சர் அதைப் பிடித்து எறிவதற்குள் போய்ச் சேர வேண்டும். அவர் ஓடப்போகிறார் என்று ஸ்டேடியத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், ரிவேராவுக்கும் தெரியும். ரிவேரா முதல் பேஸுக்கு எறிந்தார். ராபர்ட்ஸ் பாய்ந்து திரும்பினார். மறுபடி எறிந்தார். மூன்றாவது தடவையும் எறிந்தார். பயமுறுத்தத்தான் எறிந்தார், ஆனால் ஒவ்வொரு எறியிலும் பெஞ்சில் இருந்தவருக்கு உடம்பு விழித்துக்கொண்டது. படபடப்பு அதில்தான் அடங்கியது என்று ராபர்ட்ஸே பிறகு சொன்னார். அடுத்து பேட்டருக்கு முதல் பந்து. ஓடினார். பந்து நன்றாகத்தான் வந்தது. டெரெக் ஜீட்டர் பிடித்துக் கையுறையை இறக்குவதற்கும், தலைமுன்னாகப் பாய்ந்த ராபர்ட்ஸின் கை பேஸைத் தொடுவதற்கும் நடுவே ஓர் இமைப்பொழுது. சேஃப்!

பில் மில்லர் என்று இன்னொரு மில்லர் அடுத்து அடித்தார், ராபர்ட்ஸ் ஓடி வந்து சேர்ந்தார், 4–4. நள்ளிரவைத் தாண்டிப் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்ட்டிஸ் ஹோம் ரன். மின்னசோட்டா அணி வேண்டாம் என்று விட்டுவிட்ட ஓர்ட்டிஸ்! அதே தேதி முடிவதற்குள் ஐந்தாவது ஆட்டத்தையும் பதினாலாவது இன்னிங்ஸில் அவரே அடித்து முடித்தார். கணுக்காலில் தையல் போட்டு, காலுறையில் ரத்தம் கசிய ஆறாவது ஆட்டத்தை எறிந்து ஜெயித்தவர் கர்ட் ஷில்லிங். ஏழாவது 10–3. அடுத்து வேர்ல்ட் சீரிஸ், செயின்ட் லூயிஸை 4–0. 86 வருஷம் முடிந்தது. மறுநாள் பாஸ்டன் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் ரெட் சாக்ஸ் தொப்பிகளும் கொடிகளும் முளைத்தன. காத்திருந்தே போய்ச் சேர்ந்த அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் பிள்ளைகள் செய்தி சொல்லப் போயிருந்தார்கள்.

இத்தனையும் பார்த்த ஊர்தான், தம்பி, 2018ல் 2–1 என்று முன்னால் நின்றுகொண்டு டிவியை அணைத்தது. பழைய பயம் அவ்வளவு லேசில் போகாது. உனக்கும் போகாது. போகட்டும் என்று காத்திருக்காதே, அதைக் கூடவே கூட்டிக்கொண்டு களத்துக்குப் போ.

அந்த 18 இன்னிங்ஸ் இரவில் தோற்றுக் கொடுத்தவர் நேதன் இயோவால்டி. மறுநாள் தொடக்க பிட்சராக ஆடவேண்டியவர், நடுராத்திரியில் வந்து 97 பந்துகள் எறிந்தார். அதைப் பார்த்து அழுதுவிட்டேன் என்றார் சக பிட்சர் ரிக் போர்செல்லோ. அறையில் ஒருவரும் தலையைத் தொங்கப் போடவில்லை. அவரைச் சூழ்ந்துகொண்டு கைதட்டினார்கள். மறுநாள் ஆறு இன்னிங்ஸ் முடிந்தபோது 0–4. கிறிஸ் சேல் டக்அவுட்டில் மேலும் கீழும் நடந்து சொந்த அணியைப் பார்த்தே கத்தினார். 9–6 என்று ஜெயித்தார்கள். அதற்கு அடுத்த நாள் டேவிட் பிரைஸ் எறிந்தார். அக்டோபர் வந்தால் இவர் தேறமாட்டார் என்று பெயர் வாங்கி, மூன்று வாரம் முன்பு சொந்த ரசிகர்களாலேயே கூச்சலிட்டு அவமானப்படுத்தப்பட்டவர். அன்று 5–1. கோப்பை.

எதிர் டக்அவுட்டில் டாட்ஜர்ஸ் மானேஜராக நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் டேவ் ராபர்ட்ஸ். ஆமாம், அதே ராபர்ட்ஸ். முந்தின வருஷமும் வேர்ல்ட் சீரிஸில் அவர் அணி ஏழாவது ஆட்டத்தில் தோற்றிருந்தது. 2020ல் ஜெயித்தார். 2024ல் ஜெயித்தார். 2025ல் தொடர் 2–3 என்று பின்தங்கி, ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸிலும் ஒரு ரன் பின்னால் இருந்தார். பதினோராவது இன்னிங்ஸில் ஜெயித்தார்.